பத்தரை அடி உடும்பும் பத்தடிக் காம்பராவும்

ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ யாரோ வளர்த்துக் கைவிட்ட ஒரு பெரிய பல்லியைத் தத்தெடுப்பது லேசான காரியம் இல்லை. மீட்பு நிலையக்காரர்கள் முதலில் ஒரு படிவத்தை நீட்டுவார்கள். வீடு சொந்தமா, வாடகையா? வாடகை என்றால் வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் எங்கே? கூண்டின் நீளம், அகலம், உயரம் என்ன? வெயில் காய்கிற மூலையில் எத்தனை பாகை சூடு? ஈரப்பதம் எத்தனை வீதம்? புறஊதா விளக்கைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? ஊர்வனவற்றுக்கு வைத்தியம் தெரிந்த மிருக வைத்தியர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? சில நிலையங்கள் ஆள் அனுப்பி வீட்டைப் பார்த்த பிறகுதான் பல்லியைக் கையில் தரும்.

நல்ல பழக்கம். கிண்டலுக்குச் சொல்லவில்லை. வாய் இல்லாத ஜீவனை ஒருவன் கையில் ஒப்படைக்கும்போது நாலு கேள்வி கேட்கத்தான் வேண்டும். கேள்வி கேட்கத் தெரிந்த உலகம் இது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இந்தப் படிவத்துக்கு வேலை வைத்தவை பச்சை இகுவானாவும் ஆப்பிரிக்க சவானா உடும்பும். இகுவானாவைக் கடையில் வாங்கும்போது ஒரு சாண் நீளம்; பச்சைப் பசேலென்று உள்ளங்கையில் உட்கார்ந்து கண்ணை உருட்டும். சில வருடங்களில் வாலோடு சேர்த்து ஐந்தடி, ஆறடி. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து, இருபது வருடம் இருக்கும். சாப்பாட்டில் சுத்த சைவம்தான், ஆனால் இனச்சேர்க்கைக் காலத்து ஆண் இகுவானா வாலால் அடித்த அடி சைவம் இல்லை. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டு, குத்துதே குடையுதே என்று கத்தினவன் கதையை நம் கிழவிகள் சொல்லி வைத்தார்கள். அந்த ஓணானாவது சும்மா போனது. இந்த ஐரோப்பா, அமெரிக்காக்காரர்கள் கொலம்பியாவிலும் எல் சல்வடோரிலும் பண்ணை வைத்துப் பொரிக்க வைத்து, பெட்டியில் அடைத்து, விமானத்தில் ஏற்றி, காசும் கொடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிறார்கள். குத்த ஆரம்பித்ததும் பூங்காவில் வீசிவிட்டு வருகிறார்கள்.

ஃபுளோரிடாவில் அப்படித் தப்பியதும் வீசியதும் பெருகி, ஊரே இகுவானா ஆகிவிட்டது. குளிர் கூடினால் அவை விறைத்து மரத்திலிருந்து பொத்தென்று விழும். 2020 ஜனவரி 21ஆம் திகதி, மியாமி வானிலை அலுவலகம் மக்களை எச்சரித்தது: இன்றிரவு மரத்திலிருந்து இகுவானா விழலாம். தலையில் விழுந்தால் இன்ன பலன், தோளில் விழுந்தால் இன்ன பலன் என்று பட்டியல் போட்ட நம் பஞ்சாங்கக்காரர்கள்கூட ஆறடிப் பல்லிக்குக் கணிப்பு எழுதி வைக்கவில்லை. 2021இல்தான் அந்த மாநிலம் இகுவானாவைத் தடைப் பட்டியலில் போட்டது. விற்று முடித்த பிறகு, வாங்கி முடித்த பிறகு, வீசியும் முடித்த பிறகு.

இந்த நாடகத்தில் மூன்று வேஷம்: விற்கிறவன், வாங்கி வீசுகிறவன், வீசியதைத் தூக்கி வைத்துப் படமெடுத்துக்கொள்ளும் மீட்பர். பல சமயம் மூன்றுக்கும் ஒரே ஆள்தான் அரிதாரம் பூசுகிறார்.

போகட்டும். அந்தப் படிவத்தை வட்டவளையிலிருந்து ஒரு தடவை நிரப்பிப் பார்ப்போம்.

வட்டவளை தெரியாதவர்களுக்கு: நாவலப்பிட்டியிலிருந்து மேலே ஏறும் ரயில் கலபொடையைத் தாண்டி, ரொசெல்லைக்கு முன்னால் நிற்கிற ஸ்டேஷன். அவிசாவளைப் பக்கமிருந்து ஹட்டனுக்கு வேனில் வருகிறவர்கள் கினிகத்தேனை தாண்டியதும் கண்ணாடியை ஏற்றுவார்கள். மழை. இலங்கையிலேயே அதிகம் மழை வாங்கும் ஊர்களில் ஒன்று. வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் கொட்டும். வெள்ளைக்காரப் பிள்ளைகள் ரயில் கதவில் தொங்கிக்கொண்டு படமெடுக்கிற அந்தப் பச்சைக்கு நடுவில், நீளமாக, துருப்பிடித்துப் படுத்திருக்கிறதே, அது லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. படம் போடும்போது அதை வெட்டிவிட்டுப் போடுவார்கள்.

முதல் கேள்வி: வீடு சொந்தமா?

இல்லை. காம்பரா, அதாவது லயத்து அறை, தோட்டத்துடையது. தோட்டம் கம்பனியுடையது. கம்பனிக்கும் சொந்தமில்லை, 1992இல் அரசு தோட்டங்களைக் கம்பனிகளின் நிர்வாகத்தில் விட்டது, பிறகு 53 வருடக் குத்தகை எழுதியது. ஆக, காணி அரசுடையது. அரசு யாருடையது என்று கேட்டால், மக்களுடையது என்பார்கள். அந்தக் கணக்குப்படி வீட்டுக்காரரே நாங்கள்தான். சம்மதக் கடிதத்தில் நாங்களே கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதற்கும் தோட்டத்தை நடத்துகிற துரையிடம் கேட்க வேண்டும். ஓட்டைத் தகரத்தைக் கழற்றி வேறு தகரம் போட, முன்னால் ஒரு பத்தி இறக்க, பின்னால் ஒரு கக்கூஸ் கட்ட, எல்லாவற்றுக்கும் ஆபீசுக்குப் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிற சனம், பல்லிக்கு எங்கிருந்து சம்மதக் கடிதம் கொண்டுவரும்?

இரண்டாவது: கூண்டின் அளவு.

பத்துக்குப் பன்னிரண்டு. அடிக்கணக்கு. முன்னால் ஓர் இஸ்தோப்பு. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய சுவர், அதில் அடுப்புப் புகை தார் மாதிரி படிந்திருக்கிறது. கூரையில் ஆணி கழன்ற ஓட்டைக்கு நேர் கீழே ஓர் அலுமினியச் சட்டி. கொடியில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை. மூன்று நாளாகக் காயாததால் ராத்திரி அடுப்புக்கு மேலே பிடித்துக் காயவைத்திருக்கிறார்கள். காலையில் வகுப்பில் அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தால் புகை வாசம் வரும். கட்டில் தாத்தாவுக்கு. கட்டிலின் கால்மாட்டில் சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கிற பெட்டை. குறுக்கே ஒரு பழைய சேலை கட்டியிருக்கிறதே, அதற்கு அந்தப் பக்கம் மருமகள் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள். கல்யாணமான மகனும் மருமகளும் அந்தச் சேலைக்குப் பின்னால்தான் குடும்பம் நடத்துகிறார்கள். சேலைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் தூங்கிவிட்டதாக நடிக்கிறார்கள். மலையகத்தில் தலைமுறை தலைமுறையாக நடக்கிற மிகப் பெரிய நாடகம் இது. இதற்கு எந்தக் கலாசார விழாவிலும் பரிசு கொடுப்பதில்லை.

உடும்பு வளர்க்கிறவர்களின் கணக்கைப் பார்ப்போம். சவானா உடும்பு ஒன்றுக்கு எட்டடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரம் குறைந்தபட்சம் என்பார்கள். நம் கபரகொயா, நீர் உடும்பு, இன்னும் பெரியது. அதை வளர்த்தால் ஒரு முழு அறையையே விட்டுக்கொடுங்கள், உடம்பு நீளத்தைப் போல இரண்டு மடங்காவது இடம் வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். கண்டி வாவிக் கரையில் ஐஸ்கிரீம் வாங்கித் தின்றவர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருப்பீர்கள். கண்டியில் அளந்த ஒன்று 3.21 மீற்றர் என்று நூல்களில் இருக்கிறது. பத்தரை அடி. எங்கள் காம்பராவின் ஒரு சுவரை விட அரை அடி நீளம்! வாலை மடக்காமல் அது எங்கள் வீட்டில் குறுக்கே படுக்க முடியாது. ஆறு பேர் படுக்கலாம். நாங்கள் மடங்கப் பழகியவர்கள்.

இகுவானாவுக்கு வெயில் காய்கிற மூலையில் 35 பாகை சூடு வேண்டுமாம். ஜூன், ஜூலை மாதத்தில் அப்படி ஒரு மூலை வட்டவளையில் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கைக் காயப்போட வேண்டும். ஈரப்பதம் எழுபது, எண்பது வீதம்? இந்தப் பாடத்தில் நூற்றுக்கு நூறு. அங்கே மெஷின் வைத்துப் பனிமூட்டம் ஊதுகிறார்கள், தண்ணீர் விசிறக் கடிகாரம் பூட்டுகிறார்கள். எங்களுக்குக் கூரை வழியாக இலவசமாக வருகிறது, நெஞ்சுச் சளியையும் கூட்டிக்கொண்டு. வைத்தியர்? தோட்டத்து டிஸ்பென்சரியில் இருப்பவர் டொக்டர் இல்லை, உதவியாளர். அதற்கு மேல் வேண்டுமென்றால் லொறி கிடைக்கிற நாளாகப் பார்த்து வருத்தம் வர வேண்டும். வீட்டைப் பார்க்க ஆள் வருவார்களா? வருவார்கள். தேர்தலுக்குத் தேர்தல், கும்பிட்ட கையோடு. சட்டியில் விழும் துளியைப் பார்த்து ‘ச்சொ ச்சொ’ என்பார்கள். தேத்தண்ணி குடிப்பார்கள். அடுத்த லயத்துக்குப் போவார்கள்.

முடிவு: விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. நூற்றுக்கு நூறு நியாயம். பல்லி ஒன்றை வைத்திருக்க லாயக்கில்லாத இடம் அது.

இனி எங்கள் ஊர் ஓணானுக்கு வருகிறேன். நுவரெலியாவுக்கு மேலே, ஹக்கல, ஹோட்டன் சமவெளி, பிதுருதலாகலை என்று மேகம் இறங்கி நிற்கிற காடுகளில் ஓர் ஓணான் இருக்கிறது. மூக்கு நுனியில் வெள்ளையாக ஒரு கொம்பு. பாசி படிந்த கொப்பில் பாசியோடு பாசியாக ஒட்டிக்கொண்டு, ஆள் பக்கத்தில் போனாலும் அவசரப்படாது. அதன் கூட்டாளி குட்டையன் ஒருவன், கொப்போத்திஸ் என்று விஞ்ஞானிகள் பெயர் வைத்தது. முட்டை இடாமல் குட்டி போடும், வாலைக் கொப்பில் சுற்றிக்கொண்டு நாளைக்குப் போகலாம் என்கிற நடை நடக்கும். கித்துல்கலைப் பக்கத்து ஈரக்காட்டில் கூன் மூக்கன் ஒருவன் இருக்கிறான். மூக்கில் உருண்டையாக ஒரு திரட்சி, தொண்டையில் மஞ்சள். சீண்டினால் வாயைப் பிளந்து உள்ளே இருக்கிற சிவப்பைக் காட்டி மிரட்டுவான். அது பலிக்காவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு செத்ததுபோல் விறைத்துக் கிடப்பான். காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை கத்தும்போது நாங்களும் இதைத்தான் செய்து பார்த்திருக்கிறோம்.

ஓடாத பிராணியைப் பிடிக்க வலை எதற்கு? கொழுந்து பறிப்பதுபோல் கொப்பிலிருந்து பறித்துப் பையில் போடலாம். போட்டார்கள். 1937ஆம் ஆண்டு 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி இங்கே அவற்றைப் பிடிப்பதும் குற்றம், நாட்டைவிட்டுக் கொண்டுபோவதும் குற்றம். ஆனால் அந்தப் பை ஜெர்மனியில் தரை இறங்கியதும் குற்றம் ஆவியாகிவிட்டது. சர்வதேச வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தமான சைட்டிஸின் பட்டியலில் அந்த இனங்கள் அப்போது இல்லை. இலங்கைச் சட்டம் ஐரோப்பியச் சந்தையைக் கட்டுப்படுத்தாது. ஆகவே ஹாம் நகரத்துப் பல்லிச் சந்தை மாதிரியான இடங்களில் மேசை போட்டு விற்பதில் சட்டச் சிக்கல் இருக்கவில்லை. 2014இல் ஜெர்மனியிலேயே உள்ள புரோ வைல்ட்லைஃப் என்ற அமைப்பு, திருடிய விலங்குகள் உங்கள் சந்தையில் பகிரங்கமாக விற்கப்படுகின்றன என்று அறிக்கை எழுதி, இலங்கை ஓணான்களையும் அதில் சேர்த்தது. பிடித்துக் கொடுத்த பெடியன் அகப்பட்டால் இங்கே கூண்டில் நிற்பான். வாங்கியவர் அங்கே கூண்டுக்கு எதிரே சோபாவில் உட்கார்ந்து, அழிந்துவரும் இனத்தைக் காப்பாற்றுகிறேன் என்பார். திருட்டுப் பொருளை நன்றாகத் துடைத்து வைத்திருப்பவனுக்குக் காவலன் என்று பெயர் கொடுக்கிற ஊரில் மியூசியங்கள் ஏன் நிறைந்திருக்கின்றன என்று கேட்கத் தேவையில்லை.

கடைசியில் இலங்கையே வழக்கை எடுத்துக்கொண்டு போனது. சைட்டிஸ் மாநாடு 2019 மே மாதம் கொழும்பில் நடக்க இருந்தது. ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஆகஸ்டில் ஜெனீவாவுக்கு மாறியது. அங்கே இலங்கையின் பிரேரணை வென்றது. கொப்போத்திஸ் இரண்டு இனமும், கொம்பு ஓணான்களில் மூன்று இனமும் முதலாம் அட்டவணையில் ஏறின, வர்த்தகமே கூடாது. ஹோட்டன் சமவெளிக் கொம்பனும் கூன் மூக்கனும் இரண்டாம் அட்டவணையில். காட்டிலிருந்து பிடித்து வியாபாரத்துக்கு ஏற்றுமதி செய்ய அவற்றுக்கு விதித்த கோட்டா: பூச்சியம்.

பூச்சியம்! படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. சந்தோஷத்தில் பாதி. மீதிப் பாதிக்குக் காரணம், எங்களுக்கும் ஒரு தடவை ஏற்றுமதிக் கோட்டா விதித்தார்கள். 1964 அக்டோபர் 30, புதுடில்லி. இரண்டு நாட்டுப் பிரதமர்கள், சிறிமா அம்மையாரும் சாஸ்திரி ஐயாவும், கையெழுத்துப் போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000 உருப்படி. இலங்கைக்கு 3,00,000. இன்னும் ஒரு 1,50,000 மிச்சமிருக்கிறது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருடம் கழித்துப் பார்த்தார்கள். 1974இல் ஆளுக்குப் பாதி. வாழைப்பழச் சீப்பைக்கூட இவ்வளவு சுத்தமாகப் பிரிக்க முடியாது, ஒன்று இரண்டு நசுங்கும். இதில் நசுங்கியது எத்தனை குடும்பம் என்று எவரும் எண்ணவில்லை. அண்ணன் தலைமன்னாரில் கப்பலேறினான், தம்பி வட்டவளையில் கொழுந்து நிறுத்தான். ஓணானின் கோட்டாவைத் தீர்மானிக்க அதன் வாழ்விடம், எண்ணிக்கை, இனப்பெருக்கம் எல்லாவற்றையும் தாள் தாளாக எழுதி, நாடுகள் கூடி விவாதித்தன. எங்களைத் தீர்மானிக்க இரண்டு பேர் போதுமாக இருந்தது. எங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த ஒப்பந்தத்துக்கு மை மிச்சமாகியிருக்கும்.

அதற்கும் முன்னால் 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இருக்கிறது. ஓணானை இந்த நாட்டுக்கே உரியது என்று உலகம் ஏற்றுக்கொண்டது. அதன் தகப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான் என்று எவரும் சான்றிதழ் கேட்கவில்லை. எங்களிடம் கேட்டார்கள். பேர்ச்சிட்டும் துண்டும் தவிர வேறு தாள் பார்த்திராத சனத்திடம் பாட்டனின் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். இந்தப் பிரஜாவுரிமைப் பிரச்சினை முழுவதற்கும் ஒரு முடிவு கட்ட 2003 வரை ஆனது. 2023இல் எங்களுக்கு 200 வயது என்று மேடை போட்டுக் கொண்டாடினோம். இருநூறு வருடத்துக்குப் பிறகும் எங்கள் பெயருக்கு முன்னால் ‘இந்திய வம்சாவளி’ என்று ஒரு வால் ஒட்டியிருக்கிறது. பல்லிக்காவது ஆபத்து வந்தால் வால் கழன்று விழும்.

கப்பலேறிப் போன பக்கம் என்ன வாழ்கிறது? அதையும் சொல்லி விடுகிறேன். 2020 ஜூன் மாதம் இந்திய மத்திய அரசு ஒரு மன்னிப்புத் திட்டம் கொண்டுவந்தது. இகுவானா, கிளி, ஆமை என்று வெளிநாட்டு உயிரினம் எதையாவது தாளில்லாமல் வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தாமாக முன்வந்து அறிவித்தால், எப்படி வந்தது என்று ஆவணம் கேட்க மாட்டோம். பதிந்துகொண்டு சான்று தருவோம். அதற்கு ஆறு மாதம் முன்னால்தான், 2019 டிசம்பரில், அதே அரசு குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், பங்களாதேஷ் மூன்று நாடுகளிலிருந்து வந்த சில மதத்தவர்களுக்கு வழி திறந்த அந்தச் சட்டத்தில் இலங்கை என்ற பெயரே இல்லை. 1983க்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ராமேஸ்வரக் கரையில் இறங்கி, தமிழ்நாட்டு முகாம்களில் பிள்ளை பெற்று, பேரப்பிள்ளை கண்டவர்களில் எங்கள் மலையகச் சனமும் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. அவர்களில் பலருக்கு இன்னும் எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லை. தென்னமெரிக்கப் பல்லி தாளில்லாமல் வந்தால் சான்றிதழ். தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் போனவன் பேரன் தாளில்லாமல் திரும்பி வந்தால் கள்ளக்குடியேறி. முகாமில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அடுத்த தடவை திட்டம் வந்தால் இனம் என்ற இடத்தில் இகுவானா என்று எழுதிப் பாருங்கள்.

சம்பளக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது எப்போதும் சுருக்கமாகத்தான் இருக்கிறது. நாளுக்கு 1,000 ரூபாய் கேட்டு வருடக்கணக்காகக் கத்தி 2021இல் வர்த்தமானியில் வந்தது. கம்பனிகள் கோர்ட்டுக்குப் போயின. 2024இல் 1,700 என்று வர்த்தமானி வந்தது; மறுபடி கோர்ட்; ஜூலையில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது; செப்டம்பரில் 1,350 ஆக இறங்கிவந்து நின்றது. அதுவும் நிறை வந்தால்தான். நிறை வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். ஒரு நல்ல புறஊதா விளக்கின் விலை எங்கள் பல நாள் கூலி, அதையும் ஆறு மாதம், ஒரு வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டுமாம். கம்பனியைக் கேட்டால், உலகச் சந்தையில் விலை இல்லை, தொழிற்சங்கத்தையே கேட்டுப் பாருங்கள் என்கிறது. தொழிற்சங்கத்தைக் கேட்டால், போராடிப் பெற்றதைப் பாருங்கள், கம்பனியே ஒத்துக்கொண்டது என்கிறது. ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி. நடுவில் மாதாமாதம் சம்பளத்தில் சந்தாக் காசு மட்டும் ஒழுங்காக வெட்டுப்படுகிறது.

ஈரப்பதம் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டேன். கண்ணாடிக் கூண்டில் ஈரம் கூடினால் அலாரம் அடிக்கும், சொந்தக்காரர் நடு ராத்திரியில் எழுந்து ஓடி வருவார். கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்துக்கும் அலாரம் அடித்தது. அந்த மலை சரியும், சனத்தை எடுங்கள் என்று கட்டட ஆய்வு நிறுவனம் 2005இலும் சொன்னது, 2011இலும் சொன்னது. எவரும் எழுந்து ஓடி வரவில்லை. 2014 அக்டோபர் 29 காலையில் லயங்களின் மேல் மலை வந்து உட்கார்ந்தது. அதன் பிறகு வந்தார்கள், ஹெலிகொப்டரில். வந்தவர்கள் சனத்தைப் பார்த்து, எச்சரித்தும் ஏன் போகவில்லை என்று கேட்டார்கள். எங்கே போவது? போவதற்கு ஒரு பேர்ச் காணி எங்கே இருந்தது? காம்பராவை விட்டு இறங்கினால் தோட்டத்துப் பேரும் போய்விடும், நிற்பதற்கு றோட்டு மட்டும்தான். கூண்டைப் பூட்டிவிட்டு உள்ளே இருக்கிற பல்லியைப் பார்த்து ஏன் ஓடவில்லை என்று கேட்கிறவனை மீட்பு நிலையத்தில் விண்ணப்பப் படிவத்தைக் கூடத் தொடவிட மாட்டார்கள். எங்கள் ஊரில் அவன் அமைச்சராகலாம்.

இதைப் படித்துவிட்டு, ஓணான்மேல் எனக்குப் பொறாமை என்று எவராவது எழுதிவிடுவார்கள். இங்கே சில பேருக்கு மனிதனா மிருகமா என்று ஒரு சண்டை தேவையாக இருக்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிக் கண்ணியில் மாட்டி, மீட்டுச் சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோயும் சில நாளில் செத்துப்போனது. செய்தி பார்த்த கொழும்புக் கனவான்கள், தோட்டத்துக்காரர்களுக்கு மிருகத்தின் அருமை தெரியவில்லை என்றார்கள். கண்ணி வைத்தது தப்பு. அதற்குச் சட்டம் இருக்கிறது, செய்யட்டும். ஆனால் சிறுத்தைக்கும் ஓணானுக்கும் வீடு எங்கே போனது என்று ஒரு கேள்வி இருக்கிறதல்லவா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காக இந்த மலைகளை மொட்டையடித்தார்கள். 1869இல் இலைநோய் வந்து கோப்பி செத்தது. அதற்குள் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போட்டிருந்தார். மிஞ்சியிருந்த காட்டையும் தேயிலை தின்றது. வெட்டிய கத்தி எங்கள் பாட்டன் கையில் இருந்தது உண்மை. வெட்டச் சொன்ன வாய் யாருடையது, வந்த லாபம் எந்தக் கப்பலில் போனது என்பதற்கும் ரசீது இருக்கிறது. வெட்டியவனுக்குப் பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா. ஓணானுக்கு மலை உச்சியில் ஒரு தொப்பி அளவு காடு. இரண்டையும் ஒதுக்கியது ஒரே கை.

அந்தக் கையின் பேரப்பிள்ளைகள்தான் இன்று கண்ணாடிக் கூண்டுக்குள் செயற்கைப் பனி ஊதி, உள்ளே ஒரு கொம்பு ஓணானை உட்கார்த்தி, பக்கத்தில் ஒரு கோப்பை சிலோன் தேயிலையோடு ஓய்வெடுக்கிறார்கள். ஓணான் திருட்டில் வந்தது. தேயிலை சட்டப்படி வந்தது. எது மலிவு என்று அவர்கள் சொல்ல வேண்டாம், எங்கள் சம்பளத் துண்டிலேயே இருக்கிறது.

நம் ஆட்களையும் விட்டுவைக்க முடியாது. திருச்சி விமான நிலையத்தில் 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியைத் திறந்தால் 47 மலைப்பாம்பும் இரண்டு பல்லியும். கொழும்பிலும் சென்னையிலும் கையில் இகுவானாவோடு படம் போடுகிற பிள்ளைகளுக்கு அது எந்தப் பெட்டியில் மூச்சு முட்டி வந்தது என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும் என்று அழுகிற நாள் வரும். அன்றைக்கு அதை மீட்க ஓர் ஏமாளியைத் தேடுவார்கள். பிள்ளைகளே, வாங்காதீர்கள். வாங்க ஆள் இல்லாத சந்தையில் மீட்பருக்கும் வேலை இல்லை.

காணி, வீடமைப்பு என்ற பெயர்ப்பலகை தொங்குகிற அமைச்சுகளில் இருக்கிற ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு இந்தியப் பிரதமர் மோடி வந்தபோது இன்னும் 10,000 வீடு என்று சொன்னது எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. அடிக்கல் நாட்டிய படங்கள் எங்களிடம் நிறைய இருக்கின்றன, அவற்றைக் கூரை ஓட்டையில் செருகிப் பார்த்தோம், ஒழுகுகிறது. ஏழு பேர்ச்சா பத்துப் பேர்ச்சா என்று எங்களோடு பேரம் பேசாதீர்கள். எங்கள் கோரிக்கை 20 பேர்ச் காணி. அதோடு புருஷன் பெஞ்சாதி இரண்டு பேர் பெயரும் உள்ள, வங்கியில் வைத்தால் வங்கிக்காரன் சிரிக்காத, முழு உறுதிப் பத்திரம். இதற்காக மலை உச்சியில் மிஞ்சியிருக்கிற காட்டில் ஒரு மரத்தையும் தொட வேண்டாம். அது ஓணானுடையது, அங்கே எங்களுக்கு வேலை இல்லை. தேயிலை செத்து மானாப்புல் ஏறிக் கிடக்கிற தரிசு தோட்டங்களிலேயே இருக்கிறது. அதில் சரியாத இடம் எது என்று கட்டட ஆய்வு நிறுவனத்தைக் கேளுங்கள். இந்தத் தடவை அவர்கள் சொல்வதைக் கேட்கவும் செய்யுங்கள்.